பாதி கேட்ட சேதி

கடலோர ஊர் ஒன்றில், மூன்று பாதைகள் பிரிகிற இடத்தில் ஒரு தண்ணீர்ப்பந்தல் இருந்தது. ஒரு பாதை சுடுகாட்டுக்குப் போயிற்று. ஒன்று பள்ளிவாசலின் அடக்கத்தலத்துக்கு. இன்னொன்று மாதா கோயில் கல்லறைத் தோட்டத்துக்கு. எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் அந்தப் பந்தலைத் தாண்டித்தான் போகவேண்டும்.

பந்தலை நடத்தியவர் வடிவம்மை. வயது நாற்பதுக்கு மேல் இருக்காது. எந்த ஊர்க்காரர் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார், திரும்பி வருகிறவர்களுக்கு மோர். சாவு வீட்டில் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை என்று தெரிந்தால் பானையோடு அங்கேயே போய்விடுவார். அதிகம் பேசமாட்டார். அந்தக் கொஞ்சப் பேச்சைக் கேட்பதற்கென்றே சிலர் தினமும் வந்து பந்தலில் உட்கார்ந்திருப்பார்கள்.

தேனப்பச் செட்டியார் அங்கே வந்தபோது அவருக்கு அறுபத்து மூன்று வயது. ஊரில் பெரிய பண்டகசாலை அவருடையது. யார் முன்னாலும் தலை குனிந்து பழகாதவர். வெயில் ஏறிய ஒரு நாள் நடந்தே வந்து பந்தலின் முன் நின்றார்.

"அம்மா, ஒரு கேள்வி கேட்கணும்."

"உட்காருங்க ஐயா. வெயில்ல வந்திருக்கீங்க."

செட்டியார் உட்காரவில்லை.

"சாவுக்குச் சிரிக்கிறவன் மனுஷனா?"

வடிவம்மை ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு அவர் கையில் கொடுத்தார்.

"யார் சிரிச்சாங்க?"

செட்டியார் தண்ணீரைக் குடித்தார். பிறகு சொன்னார்.

அவருக்கு ஒரே மகன். வயிரவன் என்று பெயர். இருபத்து நாலு வயதில் கற்பூரமும் கிராம்பும் வாங்கக் கிழக்குத் தீவுகளுக்குக் கப்பல் ஏறினான். அடுத்த பருவக்காற்றுக்குத் திரும்பவேண்டியவன் திரும்பவில்லை. சேகப்பா என்கிற மாலுமிதான் வந்தார். வயிரவன் ஒரு தீவில் காய்ச்சலில் இறந்துவிட்டான் என்று சொன்னார்.

செட்டியார் தூணைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கடைசிக் காரியம் யார் செய்தார்கள்?

"அந்தக் கிராமத்து ஆளுங்கதான் முதலாளி. மூணு நாள் மேளம், விருந்து. சுத்தி உக்காந்து சிரிப்பும் பாட்டுமா..."

சேகப்பாவால் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த கம்பைச் செட்டியார் எடுத்துவிட்டார். சேகப்பா தெருமுனை வரை ஓடினார்.

"ஏழு வருஷம் ஆச்சு" என்றார் செட்டியார். "அந்தத் தீவுக்குப் போய், அவங்க முகத்துக்கு நேரா நின்னு கேட்டுட்டு வந்துதான் பிள்ளைக்குக் கருமாதின்னு சொல்லிட்டேன். அதுவரைக்கும் வீட்டுல யாரும் அழக்கூடாது, துக்கம் கேட்க யாரும் வரக்கூடாது, அவன் பேரை எடுக்கக்கூடாதுன்னும் சொன்னேன். வருஷா வருஷம் கப்பல் போகுது. ஒரு வருஷம் உடம்பு முடியல. ஒரு வருஷம் காத்து சரியில்ல. கால் படகுல வைக்கப் போகும்போது பின்னுக்கு இழுக்குது. மடத்துல போய்க் கேட்டேன். உடம்பு நிலையில்லாததுன்னு சொன்னாங்க. அது எனக்கும் தெரியும். நான் கேட்டது அது இல்ல."

"என்ன கேட்டீங்க?"

"பெத்தவன் ஒருத்தன் இருக்கான்னு நினைச்சுப் பார்க்காம, வாலிபப் பிள்ளை பிணத்தைச் சுத்தி உக்காந்து சிரிக்கிறவன் என்ன ஜாதி மனுஷன்? அதைத்தான் கேட்கிறேன்."

வடிவம்மை காலியான செம்பை வாங்கி வைத்தார்.

"எனக்குத் தெரியல ஐயா. நாளைக்குக் குயவர் தெருவுல ஒரு சாவு எடுக்கிறாங்க. தண்ணிக்கு ஆள் இல்ல. பானை தூக்குவீங்களா?"

"அதுதான் பதிலா?"

"பதில் தெரியாதுன்னுதான் சொன்னேனே. பானை கனம்."

தேனப்பச் செட்டியார் மறுநாள் காலையில் வந்தார். பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானையைத் தோளில் தூக்கினார். வழியில் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

குயவர் தெருவில் இறந்தவருக்குத் தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தது. பேரன் பேத்திகளுக்கே பிள்ளைகள் இருந்தார்கள். தெரு முழுக்கப் பறை அதிர்ந்தது. வெடி போட்டார்கள். பூப்பல்லக்குக்கு முன்னால் இளவட்டங்கள் விசிலடித்து ஆடினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஆடியவர் இறந்தவரின் மூத்த மகன் வேலாண்டி. அவருக்கே எழுபது வயது. தலைமுடி கலைந்து, துண்டு இடுப்பிலிருந்து நழுவி, மூச்சு வாங்க வாங்க ஆடிக்கொண்டிருந்தார்.

இதைச் செட்டியார் சிறுவயது முதல் பார்த்திருக்கிறார். கல்யாணச் சாவு. அவருடைய பாட்டனாருக்கும் இப்படித்தான் நடந்தது. இதில் தப்பு ஒன்றும் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வாழ்ந்து முடித்தவர்.

பந்தல் பக்கம் ஊர்வலம் வந்தபோது வேலாண்டி தண்ணீருக்குக் கை நீட்டினார். ஆனால் நிற்கவில்லை. நீட்டியபடியே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். செம்பு பிடிபடாமல் தண்ணீர் சிந்தியது.

"ஒரு நிமிஷம் நின்னு குடியும் வேலாண்டி" என்றார் செட்டியார். "ஆட்டம் எங்கேயும் போயிடாது. வயசான சாவுதானே, சந்தோஷமா..."

"நிக்கச் சொல்லாதீங்க சாமி" என்றார் வேலாண்டி. "விடியற வரைக்கும் எங்கப்பன் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எந்திரிச்சதிலேர்ந்து கால் நடுங்குது. நின்னா விழுந்துருவேன். அதான் ஆடுறேன்."

செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி பறைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்.

செட்டியார் அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். மாலையில் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதன்பிறகு தினமும் வந்தார். ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது. மழைக்காலத்தில் ஊரில் சாவுகள் அதிகம். சில வீடுகளில் சங்கு ஊதினார்கள். சில வீடுகளில் இறந்தவரின் பெயரைச் சொல்லி வாசலில் நெல் இறைத்தார்கள். ஒரு வீட்டில் யாரும் வரவில்லை. வடிவம்மையும் செட்டியாரும் மட்டுமே போய் நின்றார்கள். எங்கே போனாலும் செட்டியார் தண்ணீர் ஊற்றினார். சிரிக்கிறார்களா என்று மட்டும் பார்த்தார்.

மார்கழியில் மொகுதூம் மரைக்காயரின் மகன் இறந்தான். பாய்மரத்தின் மேலிருந்து விழுந்தவன். வயது இருபத்தாறு. மரைக்காயரும் செட்டியாரும் பல வருஷம் ஒன்றாக வியாபாரம் செய்தவர்கள்.

மரைக்காயர் தெரு முழுக்க ஆட்கள் நின்றிருந்தார்கள். ஆனால் சத்தமே இல்லை. குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தோள் மாற்றித் தோள் மாற்றி விரைவாகத் தூக்கிப் போனார்கள். மேளமும் கிடையாது, ஒப்பாரியும் கிடையாது. உள்ளே பெண்கள் அழுதது ஏதோ காற்று அடிப்பதுபோல வெளியே கேட்டது. மரைக்காயர் சந்தூக்கின் ஒரு காலைத் தோளில் தாங்கி நடந்தார். வாய் மெதுவாக ஓதிக்கொண்டிருந்தது. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

அவர்கள் பந்தலைத் தாண்டிப் போனதும் செட்டியார் வடிவம்மையிடம் சொன்னார்.

"பார்த்தீங்களா? ஒரே பிள்ளை. முகத்துல ஒண்ணுமே இல்ல. அந்தத் தீவுக்காரனாவது சிரிச்சான். இவர் கல்லு மாதிரி போறார்."

"அவருக்குத் தண்ணி குடுத்தீங்களா?"

"போகும்போது வேண்டாம்னுட்டார்."

"வரும்போது குடுங்க."

அடக்கம் முடிந்து திரும்பும்போது மற்றவர்கள் முன்னால் வந்தார்கள். மரைக்காயர் கடைசியாக வந்தார். கையில் மண் ஒட்டியிருந்தது. கழுவுவதற்கு இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். செட்டியார் பானையைச் சாய்த்தார். தண்ணீர் கைகளில் நிரம்பி விரலிடுக்கில் ஒழுகியது. மறுபடி நிரம்பி ஒழுகியது. மரைக்காயர் கைகளைத் தேய்க்கவில்லை. பானையில் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகும் அவர் கைகளை ஏந்தியபடியே நின்றார். தண்ணீர் நின்றுவிட்டது அவருக்குத் தெரியவில்லை.

"மரைக்காயரே" என்று செட்டியார் மெதுவாகக் கூப்பிட்டார்.

மரைக்காயர் நிமிர்ந்து பார்த்தார். யார் என்று அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"தேனப்பனா?" என்றார். "உங்க பையன் போனப்ப வாசல் வரைக்கும் வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு. திரும்பிப் போயிட்டேன்."

செட்டியார் தன் மேல்துண்டை எடுத்து அந்தக் கைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். மரைக்காயர் துடைக்க விட்டார்.

தை பிறந்த பிறகு ஒரு நாள், கடலுக்குப் போன சவரியான் என்கிற மீனவனின் உடல் கரை ஒதுங்கியது. மீனவர் குப்பத்தில் கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. செட்டியாரும் வடிவம்மையும் பானைகளோடு போனார்கள்.

பிணத்தின் தலைமாட்டில் சவரியானின் மனைவி இன்னாசியம்மாள் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு மார்பில் அடித்து அழுதார்கள். இன்னாசியம்மாளின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது.

"நங்கூரம் போடாம நடுக்கடல்ல விட்டவனே,
நாலு பிள்ள கையில் தந்து நழுவி எங்கே போனவனே,
பாவி மனுசா, நீ நல்லாயிருப்பியா,
படுத்துக் கிடந்து என்னைப் பார்த்துச் சிரிப்பியா..."

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைக்காரர் நின்றிருந்தார். துறைமுகத்தில் நின்றிருந்த கப்பலின் எழுத்தர். குளிர் தேசத்துக்காரர். யாரிடமோ தமிழ் படித்திருந்தார். கையில் ஒரு புத்தகம் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். செட்டியார் அவருக்கும் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தார்.

"நன்றி ஐயா" என்றார் எழுத்தர். "ஒரு சந்தேகம். இறந்தவர் கெட்டவரா?"

"யாரு, சவரியானா? தங்கமான ஆள். ஏன் கேட்கிறீங்க?"

"அவருடைய மனைவி அவரைத் திட்டுகிறார். பாவி என்கிறார். மற்றப் பெண்களும் சேர்ந்து சண்டையிடுகிறார்கள். எங்கள் தேசத்தில் இறந்தவரை யாரும் திட்டுவதில்லை."

"சண்டையா?" செட்டியாருக்குச் சிரிப்பு வந்தது. "ஐயா, அது ஒப்பாரி."

"ஆனால் பாவி என்பது வசைச்சொல் அல்லவா?"

"வசைதான். ஆனா இங்க அது வசை இல்ல." செட்டியார் இன்னாசியம்மாளைக் காட்டினார். "நேத்துவரைக்கும் அந்த அம்மா அவனை ஏதாவது ஒண்ணு சொல்லித் திட்டிக்கிட்டேதான் இருந்திருப்பா. ஏன் இவ்வளவு நேரம், ஏன் குடிச்சே, ஏன் வலையைக் காய வைக்கலன்னு. இன்னைக்கும் திட்டினாத்தானே அவன் இருக்கிற மாதிரி இருக்கும்?"

எழுத்தர் தலையசைத்தார். புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. புத்தகத்தில் மறுபடி எழுதத் தொடங்கினார்.

"என்ன எழுதறீங்க?"

எழுத்தர் எழுதியதைத் தமிழில் சொன்னார். "இந்நாட்டில் கணவன் இறந்தால் பெண்கள் கூடி அவனை வைது சண்டையிடுவர்."

"இதை எங்க கொண்டுபோவீங்க?"

"எங்கள் தேசத்துக்கு. அங்கே பலர் படிப்பார்கள்."

செட்டியாருக்கு முகம் சிவந்தது. பானையைத் தொப்பென்று கீழே வைத்தார்.

"அப்படிப் போட்டா எப்படி? உங்க ஊர்ல படிக்கிறவன் எங்களைப் பத்தி என்ன நினைப்பான்? நீர் பார்த்தது பாதி. பாதியைக் கொண்டுபோய் ஊரெல்லாம் சொல்லலாமா? இங்க உக்காரும். அந்த அம்மாவைக் கேளும். ஏன் அழுதாங்க, என்ன சொல்லி அழுதாங்கன்னு முழுசாக் கேட்டுட்டுப் போம். முழுசாக் கேட்காம..."

அங்கே நின்றுவிட்டார்.

வாய் திறந்தபடியே இருந்தது. எழுத்தர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். செட்டியார் திரும்பி வடிவம்மையைப் பார்த்தார். வடிவம்மை ஒரு குழந்தையின் வாயில் செம்பைச் சாய்த்துத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலை செட்டியார் பந்தலுக்கு வரவில்லை. சேகப்பாவைத் தேடிப் போனார்.

சேகப்பாவுக்கும் வயதாகிவிட்டது. கப்பலுக்குப் போவதை விட்டு மூன்று வருஷம். கடற்கரைப் பக்கம் ஒரு ஓலை வீட்டில் மகளோடு இருந்தார். செட்டியார் வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கண் முதலில் செட்டியாரின் கைக்குப் போயிற்று. கையில் ஒன்றும் இல்லை.

"வாங்க முதலாளி. உக்காருங்க."

செட்டியார் அவருக்கு எதிரே மணலிலேயே உட்கார்ந்தார்.

"சேகப்பா, அன்னைக்கு நீங்க சொன்னதைச் சொல்லி முடிக்கல."

"முடிக்க விடலீங்க."

"ஆமா. விடல." செட்டியார் கீழே பார்த்தார். "ஏன் சிரிச்சாங்க?"

சேகப்பா கடலைப் பார்த்தார்.

"என் மேலேயும் தப்பு இருக்கு முதலாளி. பெத்தவர்கிட்டப் போய் எடுத்த எடுப்புல அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக்கூடாது. பல நாள் நினைச்சுப்பேன். உங்க தெருப் பக்கம் போகவே மனசு வராது."

"இப்ப சொல்லுங்க."

"உங்க பையன் அந்தக் கிராமத்துல எட்டு மாசம் இருந்தாரு. காத்து மாறுறதுக்குக் காத்திருந்தாரு. அங்க ஒரு பெரியம்மா. புருஷன் இல்ல, பிள்ளை இல்ல. அவங்க வீட்டுலதான் தங்கல். அந்தப் பாஷை உங்க பையனுக்குத் தெரியாது. வந்த ரெண்டாம் நாளே, அம்மாங்கிறதுக்கு என்ன வார்த்தைன்னு யாரையோ கேட்டிருக்காரு. அந்தப் பாஷையில அம்மாவுக்கும் எருமைக்கும் வார்த்தை ஒண்ணு போலத்தான் இருக்கும். நாக்கைக் கொஞ்சம் மடிச்சுச் சொன்னா அம்மா. மடிக்கலைன்னா எருமை."

செட்டியார் நிமிர்ந்தார்.

"உங்க பையன் நாக்கை மடிக்கல. ஒரு மாசம் முழுக்க அந்தப் பெரியம்மாவை 'எருமை, எருமை'ன்னு கூப்பிட்டிருக்காரு. எருமை, பசிக்குது. எருமை, போயிட்டு வரேன். கும்பிட்டு வேற சொல்வாரு. ஊரே வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சிருக்கு. யாரும் திருத்தல. அந்தம்மாவும் ஒவ்வொரு தடவையும் 'ஏன்ப்பா'ன்னு கேட்டிருக்காங்க. அப்புறம் ஒரு நாள் வேலி ஓரத்துல நிஜ எருமையைக் காட்டி, இதுக்கு என்ன பேருன்னு ஒரு குழந்தையைக் கேட்டிருக்காரு."

"கேட்டானா?"

"கேட்டாரு. கேட்டுட்டு ஓடி வந்து அந்தம்மா கால்ல விழுந்திருக்காரு. அவங்க தூக்கி நிறுத்தி, அம்மான்னு கூப்பிடறதுக்கு ஊர்ல நிறையப் பேர் இருப்பாங்க, நீ எருமைன்னே கூப்பிடுன்னு சொல்லிட்டாங்களாம். கடைசி வரைக்கும் அப்படியேதான் கூப்பிட்டாரு."

செட்டியாரின் உதடு அசைந்தது.

"அந்த ஊர்ல ஒரு நம்பிக்கை" என்று சேகப்பா தொடர்ந்தார். "செத்தவங்க மேல கண்ணீர் பட்டுட்டா அவங்க போற பாதை ஈரமாயிடும், கால் வழுக்கும்னு சொல்வாங்க. அதனால பக்கத்துல உக்காந்து யாரும் அழமாட்டாங்க. சிரிக்க வச்சு அனுப்பணும். ஒவ்வொருத்தரும் செத்தவரைப் பத்தி ஒரு வேடிக்கையைச் சொல்லணும். அழுகை வந்தா எந்திரிச்சு மரத்துக்குப் பின்னால போயிடணும். அழுது முடிச்சு, முகம் கழுவிட்டு வந்து மறுபடி உக்காரணும். என் கப்பல் போய்ச் சேர்ந்தது மூணாவது நாள். நான் போனப்ப அந்தப் பெரியம்மாதான் பேசிக்கிட்டிருந்தாங்க. 'இனிமே என்னை யாரு எருமைன்னு கூப்பிடுவா'ன்னு கேட்டாங்க. கூட்டம் முழுக்கச் சிரிச்சுது. அந்தச் சிரிப்பைத்தான் நான் முதல்ல பார்த்தேன். சொல்லிட்டு அவங்க மரத்துக்குப் பின்னால போனாங்க. ரொம்ப நேரம் வரவே இல்ல. போய்ப் பார்த்தா, மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அந்தம்மாகிட்ட இருந்தது ஒரே ஒரு எருமை. அதைத்தான் விருந்துக்கு வெட்டியிருந்தாங்க."

கடலிலிருந்து காற்று வந்தது.

"என்கிட்டக் கேட்டாங்க" என்றார் சேகப்பா. "இவன் ஆளுங்க என்ன செய்வாங்க, புதைப்பாங்களா எரிப்பாங்களான்னு. அங்க எரிக்கிற வழக்கம் கிடையாது. நான் எரிப்பாங்கன்னு சொன்னேன். மழை முதலாளி. சொட்டச் சொட்ட மழை. மலையில போய்க் காஞ்ச விறகு எங்கெங்கேயோ தேடித் தூக்கிட்டு வந்தாங்க. உங்க பையன் வாங்கி வச்சிருந்த கற்பூரம் முழுக்க அவர் மேலேயே கொட்டினாங்க. அதான் பிடிச்சுது."

செட்டியார் சிரித்தார். திடீரென்று, வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு.

"எருமை!" என்றார். "கும்பிட்டு வேற சொன்னானா?"

"ரெண்டு கையும் கூப்பி."

"அவன் அப்படித்தான் சேகப்பா. சின்னப் பிள்ளையிலேயே நாக்கு மடியாது அவனுக்கு. பழத்தைப் பயம்பான். அவங்க ஆத்தா எத்தனை தடவை சொல்லிக்குடுப்பா. பயம் இல்லடா, பழம்..."

சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறிற்று. செட்டியார் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சேகப்பா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்தார். உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். சேகப்பா தலையசைத்து அவளை உள்ளே போகச் சொன்னார்.

உச்சி வெயிலில் செட்டியார் பந்தலுக்கு வந்தார். வடிவம்மை பானைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். செட்டியாரின் கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் முகம் என்றும் இல்லாதபடி தெளிந்திருந்தது. நடந்து வரும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, ஏன் சிரிச்சாங்கன்னு தெரிஞ்சு போச்சு. சேகப்பா எல்லாம் சொல்லிட்டார். அங்க ஒரு பெரியம்மா இருந்தாங்களாம். இந்தப் பய அவங்களை என்னன்னு கூப்பிட்டான் தெரியுமா..."

வடிவம்மை ஈரக் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க ஐயா."

செட்டியார் நிறுத்தினார்.

"இதை முதல்ல கேட்க வேண்டியது நானா?"

செட்டியாருக்குப் புரியவில்லை.

"உங்க வீட்டம்மா உமையாள் ஆச்சி தேய்பிறை அஷ்டமி தவறாம கோயிலுக்குப் போறாங்களே, எந்தச் சந்நிதிக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"வைரவர் சந்நிதிக்கு. அவளுக்கு அந்தச் சாமி மேல பக்தி."

"எப்போதிலேர்ந்து?"

செட்டியார் யோசித்தார்.

"ஏழு வருஷமாத்தான்."

"நானும் ஒரு நாள் போனேன்" என்றார் வடிவம்மை. "மத்தவங்க எல்லாம் விளக்கு ஏத்திட்டு, கும்பிட்டுட்டுப் போயிட்டாங்க. ஆச்சி மட்டும் நின்னாங்க. விளக்கு ஏத்தல. எதுவும் வேண்டிக்கல. வயிரவா, வயிரவான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்ல அவங்களுக்கு இந்த ஊர்ல வேற இடம் இல்ல."

தேனப்பச் செட்டியார் அப்படியே நின்றார். வெயில் அவர் தலை மேலேயே இருந்தது. பந்தலின் நிழலுக்குள் அவர் வரவில்லை. பிறகு திரும்பி ஊரைப் பார்த்து நடந்தார். சற்றுத் தூரம் போனதும் அவருடைய நடை வேகமானது. அதற்கப்புறம் ஓட்டமாயிற்று.

வெயில் தாழ்கிற நேரத்தில் செட்டியார் தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் பந்தலுக்கு வந்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மீனாள் ஆச்சி என்கிற பக்கத்து வீட்டுப் பெண்மணிதான் மற்றவர்களை அடக்கிவிட்டுச் சொன்னார்.

"அம்மா, தேனப்பண்ணன் உங்ககிட்டத்தானே தினமும் வர்றார்? அவர் வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியல. மத்தியானம் ஓடி வந்து கதவு ரெண்டையும் விரியத் திறந்து போட்டுட்டார். உமையாள் ஆச்சி சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. அந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு! என்ன விசேஷமோன்னு நாங்க வாசலுக்குப் போனோம். போனா, மாரடிச்சு ஒப்பாரி வைக்கிறாங்க. அழுதுக்கிட்டிருக்கிறவங்க அண்ணன்கிட்ட, 'அதை மறுபடி சொல்லுங்க'ங்கிறாங்க. அவர் எருமைன்னு ஏதோ சொல்றார். ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. உடனே ரெண்டு பேரும் அழறாங்க."

"புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு பயமா இருக்கு" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"உள்ள போகலாமா, வேண்டாமான்னே தெரியல அம்மா" என்றார் மீனாள் ஆச்சி. "எந்த முகத்தோட போறது? நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

வடிவம்மை எழுந்து நின்றார்.

"அவங்க பையன் இன்னைக்குத்தான் இறந்திருக்கான்" என்றார். "போய்த் துக்கம் கேட்டுட்டு வாங்க."